நானூற்றுப் பதினேழு

பேராசிரியர் குவாங் ஒரே நிபந்தனைதான் போட்டார். பதில்கள் மாறாமல் வருகின்றனவா என்று பார்க்க, முதல் தடவை கேள்வித்தாளை நிரப்பிய அறுபது தொழிலாளர்களும் நான்கு வாரம் கழித்து மறுபடி நிரப்ப வேண்டும். ஐம்பது பேருக்குக் குறைந்தால் எங்கள் ஆய்விலிருந்து தொழிலாளர் பகுதியையே எடுத்துவிடுவார்.

அந்தப் பகுதிக்காக அவரோடு ஒரு வருடம் மல்லுக்கட்டியிருந்தேன். இருபது வயதின் மனநிலையை அளக்கும் அமெரிக்கக் கேள்வித்தாள் அது. சீனத்தில் பொருந்துமா என்று குவாங்சோவில் முந்நூறு கல்லூரி மாணவர்களிடம் பார்த்தாயிற்று. "இருபது வயசுல எல்லாரும் காலேஜ்லயா சார் இருக்காங்க?" என்று கேட்டேன். என் அப்பா கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவர். அம்மா பதினெட்டு வயதில் செருப்புக் கம்பெனியில் பசை தடவிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எந்தத் தாளையும் நீட்டியதில்லை.

டோங்குவானில் ஒரு சர்க்யூட் போர்டு தொழிற்சாலை அனுமதித்தது. கேள்விகள் புரிகின்றனவா என்று பார்க்க, முதலில் ஒரு பெண்ணிடம் வாய்விட்டுப் படித்தேன். வெய் ஜின்தாவ், பத்தொன்பது வயது, தொப்பியில் 417. சாப்பாட்டுத் தட்டோடு எதிரே உட்கார்ந்தாள்.

"'நான் யார் என்று தேடும் காலம் இது.' இதுக்கு என்ன சொல்லுவே?"

"எதுக்குக்கா தேடணும்? அடையாளக் கார்டைத் தொலைச்சாத்தான் தேடணும்." பக்கத்து மேசை வரை சிரித்தது.

"சரி, இது. 'பெற்றோரிடமிருந்து விலகித் தனியே நிற்கும் காலம்.'"

"நான் எட்டு மாசக் குழந்தையா இருக்கும்போதே அவங்க விலகி வேலைக்கு ஷென்ஜென் போயிட்டாங்க. இதுல யாரு யாருகிட்டேருந்து விலகுறது? உங்க தாள்ல அதுக்குக் கட்டம் இருக்கா?"

இல்லை. இரண்டு வாக்கியங்களையும் மாற்றி எழுதினேன். மூன்றாவதை மாற்ற முடியவில்லை: 'எனக்குப் பல வழிகள் திறந்திருக்கும் காலம் இது.' அவளுக்கு நன்றாகவே புரிந்தது. ஒன்றாம் கட்டத்தில் குறி போட்டாள். ஒன்று என்றால் இல்லவே இல்லை, நான்கு என்றால் முழுக்க ஆமாம். கொழுப்புக் கறித்துண்டை முட்டைக்கோஸோடு வாயில் போட்டு, பல் குத்திக்கொண்டே வேலைக்குப் போனாள்.

நான்கு வாரம் கழித்துப் போனபோது சூப்பர்வைசர் குவான் அறுபது பேரையும் கேன்டீனில் வரிசையாக உட்கார வைத்திருந்தான். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஒரு நம்பர் குறையவில்லை. எல்லாரும் குனிந்து எழுதினார்கள். நான் முகங்களைப் பார்க்கவில்லை. தொப்பியில் இருந்த நம்பரைத்தான் பட்டியலோடு சரிபார்த்தேன்.

ஆளுக்கு ஒரு பாக்கெட் சலவைத்தூள் தருவதாகச் சொல்லியிருந்தேன். நம்பர் கூப்பிட்டுக் கொடுத்தேன். நானூற்றுப் பதினேழு என்றதும் குட்டையாக, கன்னத்தில் பருவோடு ஒருத்தி வந்தாள்.

"நீ யாரும்மா?"

"417."

"ஜின்தாவ் எங்கே?"

"அது யாரு? நான் வந்து பதினோரு நாள் ஆச்சு. தொப்பி, லாக்கர், கட்டில் எல்லாம் இதே நம்பர்ல கொடுத்தாங்க." தூளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "தப்பா எழுதிட்டேனாக்கா? திரும்ப எழுதணுமா?"

குவானிடம் ஓடினேன்.

"டீச்சர், நீங்க நம்பர்தானே கேட்டீங்க? அறுபது நம்பரும் கொடுத்துட்டேன்."

"அதே ஆட்கள் வேணும்னு சொன்னேனே!"

"ஒரு மாசத்துக்கு முந்தின ஆளா?" பக்கத்தில் நின்றவனைப் பார்த்துச் சிரித்தான். "என் பொண்டாட்டி கூட அப்படி நிக்கல டீச்சர்."

பழைய ஆட்கள் பதின்மூன்று பேர். மற்ற நாற்பத்தேழு பேர் எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய வேலையும் அவனுக்கு இல்லை. ஜின்தாவின் போன் நம்பரை நான் வாங்கவில்லை. பெயர் தெரியாமல் இருப்பதுதான் ஆராய்ச்சி ஒழுக்கம் என்று எங்களுக்குப் பாடம்.

இருந்தாலும் இரண்டு தடவை வாங்கிய தாள்களையும் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். நூற்றுக்கு எண்பத்தொரு பதில்கள் அப்படியே பொருந்தின. ஜின்தாவ் ஒன்று போட்ட இடத்தில் அந்தப் பருக்காரியும் ஒன்று. மாணவர்களிடம்கூட இவ்வளவு வரவில்லை. ஆட்கள் மாறியதை மறைக்கவேண்டும் என்று நினைத்துத்தான் அட்டவணையை அனுப்பினேன்.

பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டு டீ ஊற்றிக் கொடுத்தார். "நீ ஜெயிச்சுட்டேம்மா. தொழிலாளர் பகுதி உள்ள இருக்கட்டும்."

டீயைப் பாதி குடித்துக் கீழே வைத்தேன். பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. "எதுக்கும்மா சொன்னே?" என்றுதான் கேட்டார்.

"சார், வேற வேற ஆளு, ஒரே பதில். நான் தேடினது இதுதான். இதையே எழுதலாமே?"

"அது சமூகவியல்காரன் வேலை. நாம ஒரு ஆளோட மனசை அளக்கறோம். ஆளே இல்லைன்னா எதை அளக்கறது?"

"பதின்மூணு பேர் இருக்காங்களே?"

"பதின்மூணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. உனக்கே தெரியும்."

தெரியும். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் என்னைத் தின்றது. புதிதாக அறுபது பேரைப் பிடிக்க என் உதவித்தொகைக் காலம் இடம் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் அந்த அறுபது பேரும் ஒரு மாதத்தில் இருக்கப் போவதில்லை. குறைபாடுகள் பகுதியில் மூன்று வரியாவது சேர்க்கிறேன் என்றேன். இதழில் பக்கம் போதாது என்றார்.

அவர் மேசை முன்னாலேயே உட்கார்ந்து கணினியில் தொழிலாளர்களின் அறுபது வரிகளையும் நீக்கினேன். நீக்கியதும் கணினி சராசரிகளைத் தானாகத் திருத்தியது. 'பல வழிகள் திறந்திருக்கும் காலம்' என்ற வாக்கியத்தின் சராசரி மூன்றைத் தாண்டிப் போய் நின்றது.

"பாரு, இப்பத்தான் மத்த நாட்டு முடிவுகளோட ஒத்துப்போகுது," என்றார்.

அடுத்த வாரம் கேள்வித்தாள் அச்சுக்குப் போனது. மேலே 'சீன இளைஞர்களுக்கானது, வயது 18 முதல் 25' என்று போட்டிருந்தார்கள். மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான்.