ஹ்ருஸ்காவின் விரிந்த கையுறை

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஹாரிங்டன் பார்ஜ்மென் பேஸ்பால் அணியின் சின்ன மைதானத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பேட்டருக்கு நேர் பின்னால், பாதுகாப்பு வலைக்கு அப்பால் மூன்றாவது வரிசையில் லொரெயின் டகெட் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு, கையில் வேகமானி, காலடியில் பாதி தின்ற ஹாட் டாக். இருபத்திரண்டு வருஷமாக இதே கோலம்தான். பந்து வீசும் இளம் பிட்சர்களைப் பார்த்து, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று எழுதுவது அவள் பிழைப்பு.

இன்று வெஸ்லி ஹ்ருஸ்காவைப் பற்றி எழுத வேண்டும். நெப்ராஸ்காவின் மாட்டுப் பண்ணை ஒன்றில் அவனைக் கண்டுபிடித்து, பெரிய லீக் வரை போவான் என்று அடித்துச் சொல்லி, கிளப்பில் சேர்த்தவளே அவள்தான். மூன்று வருஷமாகியும் அவன் கிளப்பின் கீழ் லீக் அணியான பார்ஜ்மெனிலேயே நிற்கிறான். காலையில் கிளப்பின் இயக்குநர் கிரெக் மல்வேனி போனில் கூப்பிட்டிருந்தார்.

"நாளைக்கு மூணு பேரை வீட்டுக்கு அனுப்பணும், லொரெயின். ரெண்டு பேரு முடிவாயிடுச்சு. மூணாவது ஹ்ருஸ்காவான்னு இன்னைக்கு ஆட்டத்தைப் பார்த்து நீங்கதான் சொல்லணும். நீங்க கூட்டிட்டு வந்தவன்னு பாசம் காட்டிடாதீங்க."

"நான் பெத்த பிள்ளையா இருந்தாலும் கண்ணால பார்த்ததைத்தான் எழுதுவேன்."

அப்படிச் சொல்வதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. முதல் இன்னிங்ஸ் முடிவதற்குள்ளேயே அந்தக் கர்வம் அவளுக்கே பாரமாகிவிட்டது.

வெஸ்லியின் வேகப்பந்து நன்றாகத்தான் வந்தது. வேகமானி மணிக்குத் தொண்ணூற்று நான்கு மைல் காட்டியது. ஆனால் மெதுபந்து போடும்போதெல்லாம், அதைப் பிடிக்க விரல்களை மாற்றுகையில், இடது கையிலிருந்த கையுறை கொஞ்சம் விரிந்தது. வேகப்பந்துக்கு மூடியே இருந்தது. வேகப்பந்து என்று நம்பி பேட்டர் அவசரப்பட்டுச் சுற்றினால்தான் மெதுபந்துக்கு மரியாதை. என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அது தட்டில் வைத்துக் கொடுத்த கேக்.

எதிரணிக்கு அது தெரிந்தும்விட்டது. அவர்கள் வீரர்கள் உட்காரும் டக்அவுட்டிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டாலே போதும். கையுறை மூடியிருந்தால் பேட்டரின் சட்டை எண்ணைச் சொல்லிக் கத்தினார்கள். விரிந்தால் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். "இருபத்தேழு, விடாதே!" என்றால் வேகப்பந்து. "டேமியன், போடு!" என்றால் மெதுபந்து. அப்படி ஒரு "டேமியன்" கேட்டு, டேமியன் ஸ்டோக்லி என்ற அந்த மலைப்பாறை, மெதுபந்தைத் தூக்கி இடதுபக்க விளம்பரப் பலகைக்கு அப்பால் ஆற்றோரத்தில் போட்டான். இரண்டாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் மூன்று ரன்.

பக்கத்து இருக்கையில் இன்னொரு கிளப்புக்காக வேவு பார்க்க வந்திருந்த பட் ஆஸ்ட்ராண்டர் தோளால் இடித்தார். இருவரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இருபது வருஷமாக ஒருவரை ஒருவர் வாருவதுதான் அவர்கள் நட்பு.

"என்ன தாயி, உன் ஆளு கடைய விரிச்சு வச்சுட்டு வியாபாரம் பண்றான்?"

"வாய மூடிட்டு உன் வேலையப் பாரு, பட்."

"என் வேலை முடிஞ்சுது. கையுறை விரிஞ்சா மெதுபந்து. எங்க சின்னப் பசங்ககூட அடிப்பாங்க."

மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து ஐந்தாவது வரை ரன் போகவில்லை என்றாலும் கையுறை விரிந்துகொண்டேதான் இருந்தது. போதாக்குறைக்கு மெதுபந்துகள் ஒன்றுகூட இலக்கில் விழவில்லை. ஒன்று மண்ணில் குத்தியது, ஒன்று வெளியே ஓடியது. 'கட்டுப்பாடும் போய்விட்டது' என்று எழுதினாள். பட் எழுந்து தொப்பியை மாட்டினார். சாயங்காலத்துக்குள் நூற்றைம்பது மைல் ஓட்டி அடுத்த ஊர் ஆட்டத்துக்குப் போக வேண்டும் அவருக்கு.

"வரேன். மனசத் தேத்திக்கோ. ஆனைக்கும் அடி சறுக்கும்."

அவர் போன பிறகு லொரெயின் பேனாவை எடுத்தாள். வழக்கமாகப் பென்சில்தான். மனசு மாறிவிடக் கூடாது என்று இன்று பேனா. 'விடுவிக்கலாம்' என்று எழுதினாள். எழுதும்போது கண் எரிந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டாள்.

அவளும் எழுந்து போயிருக்கலாம். ஆனால் பிட்சர் பந்தைப் பயிற்சியாளர் கையில் கொடுத்துவிட்டு பந்து வீசும் மேட்டை விட்டு இறங்கும்வரை நோட்டை மூடுவதில்லை என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். உட்கார்ந்தாள்.

ஆறாவது இன்னிங்ஸ். பார்ஜ்மென் நாலு, எதிரணி மூன்று. இரண்டு பேர் அவுட். மூன்று தளத்திலும் ஓட்டக்காரர்கள். மட்டையோடு வந்தவன் வேறு யாருமில்லை, டேமியன் ஸ்டோக்லி. பயிற்சியாளர் படியில் ஒரு கால் வைத்து நின்றார். இன்னும் ஒரே ஒரு தப்பு நடந்தால் இறக்கிவிடுவார்.

இலக்கு தவறிய பால் மூன்று, ஸ்ட்ரைக் இரண்டு. இனி ஒரு பந்துதான். இலக்கு தப்பினால் டேமியனுக்கு முதல் தளம் இலவசம், மூன்றாம் தளத்துக்காரன் ஓடி வந்து ஆட்டம் சமம். அடித்தால் எல்லாம் போச்சு.

வெஸ்லி பந்தைக் கையுறைக்குள் கொண்டுபோனான். கையுறை விரிந்தது.

"ஐயோ, மூடுடா பாவி!" என்று லொரெயின் வாய்விட்டே சொல்லிவிட்டாள். எதிரணி டக்அவுட் மொத்தமும் எழுந்து கத்தியது: "டேமியன், போடு! டேமியன்!"

டேமியன் எடையைப் பின்காலில் வைத்து, மெதுபந்துக்காகப் பொறுமையாகக் காத்திருந்தான்.

வந்தது தொண்ணூற்றாறு மைல்.

முழங்காலுக்கு மேலே, இலக்கின் ஓரத்தைச் சீவிக்கொண்டு கேட்சரின் கையில் வெடித்தது. டேமியனின் மட்டை தோளை விட்டு அசையவே இல்லை. நடுவர் கையை உதறி, மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட் என்று அலறினார். எதிரணி டக்அவுட்டில் ஒரு சத்தமில்லை. மைதானம் மட்டும் எழுந்து ஊளையிட்டது. வெஸ்லி பின்னால் திரும்பிப் பார்க்காமல், முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல், பயிற்சியாளரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

லொரெயின் நோட்டைப் பின்னால் புரட்டினாள். மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து போட்ட மெதுபந்துகள் எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஏழு. ஏழும் எட்டாத இடத்தில். ஒன்றுகூட அடிக்கக்கூடியதாக இல்லை. வேண்டுமென்றே தள்ளிப் போட்ட அவற்றைத்தான் அவள் கட்டுப்பாடில்லை என்று எழுதியிருந்தாள். குற்றத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதற்குமேல் பார்க்காமல் விட்ட மடத்தனத்தை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே சிரித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறை வாசலில் அவனைப் பிடித்தாள். தோளில் ஐஸ் கட்டியிருந்தது. வாய் நிறைய சூரியகாந்தி விதை.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"ரெண்டாவது இன்னிங்ஸ் முடியும்போது, மேடம். பேரு, நம்பர், பேரு, நம்பர்னு கத்திட்டே இருந்தாங்க. நான் என்ன செவிடா?"

"உடனே சரி பண்ணியிருக்கலாமே!"

அவன் விதைத் தோலைத் துப்பினான். "பண்ணா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடுமே. மாட்டை உள்ள விடணும்னா கதவைத் திறந்து வச்சுட்டு நாம தள்ளி நிக்கணும். துரத்துனா வராது."

"நாலு இன்னிங்ஸா தள்ளி நின்னியா?"

"ஒரு தடவைதான் இதச் செய்ய முடியும். பெரிய மாடு வரட்டும்னு இருந்தேன்."

அவன் எதிரிலேயே லொரெயின் பேனாவால் எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.  

காருக்குப் போய் மல்வேனியைக் கூப்பிட்டாள்.

"ஹ்ருஸ்கா நாளைக்குக் கிளம்பணும்," என்றாள்.

"அப்படியா... வருத்தம்தான். வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லட்டுமா?"

"வீட்டுக்கு எதுக்கு? அடுத்த லீக்குக்கு டிக்கெட் போடுங்க. கை நல்லா இருக்கு. மண்டை அதைவிட நல்லா இருக்கு. அதுக்கு மார்க் போட நம்ம படிவத்துல கட்டமே இல்ல."

போனை வைத்ததும் மணி அடித்தது. பட்.

"லொரெயின், பாவம், உன் ஆளு கடைசில தப்பிச்சானாமே. குருட்டு அதிர்ஷ்டம்! நான் அறிக்கை அனுப்பிட்டேன். கையுறை விரிஞ்சா மெதுபந்துன்னு எங்க அணிகளுக்கெல்லாம் போயிடுச்சு. மேல் லீக் பசங்க உள்பட."

வெஸ்லி நாளை போய்ச் சேரும் மேல் லீக் அணிக்குப் பட்டின் கிளப்போடுதான் வியாழக்கிழமை ஆட்டம். லொரெயின் கார் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். பல வருஷமாக அந்த முகத்தில் இவ்வளவு பல் தெரிந்ததில்லை.

"நல்லா செஞ்ச, பட்," என்றாள். "அந்த வரிக்குக் கீழ ஒரு கோடு போட்டுடு."