இன்டர்கூலர் விஷயத்தில் நான் ஜெயித்தது

விளாங்குடியில் சிஹாபுதீன் ஒர்க்‌ஷாப் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். கூடவே ஆள் கொஞ்சம் கோபக்காரன் என்றும் சொல்வார்கள். பொய்யில்லை. பத்தொன்பது வருஷமாக டர்போ வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறேன், கோபம் வரத்தான் செய்யும். யூடியூபில் பார்த்ததை என்னிடம் வந்து சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் என் நிபந்தனை.

காவ்யஸ்ரீ வந்து சொன்னாள்.

சௌராஷ்டிரா வீட்டுப் பெண், இருபத்தாறு வயது, கார் ரேஸ் ஓட்டுகிறாள். போன வருஷம் மூன்று பந்தயத்திலும் ஒரே கதைதான். ஒன்பது சுற்று வரை முன்னால் நிற்பாள், பத்தாவது சுற்றில் வண்டி சோர்ந்துவிடும். டர்போ காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும்போது காற்று சூடாகும். சூடு எல்லை மீறினால் வண்டியின் கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிடும். அந்தக் காற்றை வழியிலேயே குளிர வைக்கிற, ரேடியேட்டர் மாதிரியான பெட்டிதான் இன்டர்கூலர். கம்பெனி கொடுத்தது மதுரை வெயிலுக்குப் போதவில்லை. புதிதாக எதை மாட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

கோயம்புத்தூர் ரேஸ் டீம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தது. பன்னிரண்டு சுற்று. கடைசி சுற்றும் முதல் சுற்று மாதிரியே ஓடினால் இந்த வருஷம் முழுக்க அவளையும் வண்டியையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஓடாவிட்டால் வண்டியை விட்டுவிட்டு பெங்களூரில் ஆபீஸ் வேலைக்குப் போவதாக அப்பாவிடம் ஒத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

பம்பருக்குப் பின்னால் முழு அகலத்துக்கு நிற்கிற பெரிய கூலர் வேண்டும் என்றாள். அதில் பாதி போதும் என்றேன். பெரிய பெட்டி முழுக்கக் காற்று நிரம்பிய பிறகுதான் என்ஜினுக்குப் போகும், மிதித்தால் வண்டி உடனே கேட்காது என்றேன். கொஞ்சம் தாமதமாகக் கேட்டால் சமாளித்துக்கொள்வேன், பவரே செத்துப்போனால் என்ன செய்வது என்று கேட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

கடைசியில் தெரிந்த கடையிலிருந்து இரண்டையும் வரவழைத்து ஓட்டிப் பார்ப்பது, தோற்றதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவானது. திருவாதவூர் பக்கம் பிளாட் போட்ட இடம் ஒன்று உண்டு. ஆர்ச் இருக்கிறது, தார் ரோடு இருக்கிறது, சிறுவர் பூங்கா என்று போர்டு இருக்கிறது. வீடு மட்டும் இல்லை. ஓனர் என் கஸ்டமர். அங்கே மேய்ந்த ஆடுகளை வாட்ச்மேன் காளை ஓரம் கட்டிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சின்னதை மாட்டிப் பத்து சுற்று ஓட்டினோம். கடைசி சுற்றில் என்ஜினுக்குள் போகிற காற்றின் சூடு அறுபத்தொரு டிகிரி.

மறுநாள் பெரியதை மாட்டி அனுப்பினேன். அவள் அம்மா வசுந்தரா, புதுச் சாமான் போட்ட வண்டி பூஜை போடாமல் ஓடக் கூடாது என்று வியாழக்கிழமை காலையில் அழகர்கோவிலுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் பூஜை போட்டுவிட்டு வண்டி நேராக டெஸ்டுக்கு வந்தது. முன்பக்கம் பஸ்ஸுக்குப் போடுகிற சைஸில் செவ்வந்தி மாலை, கிரில்லில் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. அந்த மாலையை அவர்கள் வீட்டில் கழற்ற மாட்டார்கள், தானாகக் காய்ந்து உதிர வேண்டும். பத்து சுற்று ஓடியது. அறுபத்தாறு டிகிரி.

"பாத்தியா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சின்னதையே மாட்டிவிடச் சொன்னாள். அன்று மத்தியானம் வீட்டில் வெறும் ரசம்தான். ரொம்ப ருசியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, திருப்பி அனுப்புவதற்காகப் பெரியதைச் சுத்தம் செய்தேன். தகட்டு இடுக்கெல்லாம் செவ்வந்தி இதழ். ஏர் கன்னால் அடித்தேன், ஒர்க்‌ஷாப் முழுக்கப் பூ பறந்தது. ஒரு இதழ் மிச்சமில்லாமல் அடித்து, அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டினேன். ஒட்டிய பிறகு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு அவளுக்குப் போன் போட்டேன்.

வந்தவளிடம், அன்றைக்கு மாலைதான் காற்றை மறைத்திருக்கிறது என்றேன்.

"நானும் மாலையப் பாத்தேண்ணே. மறைச்சா நீங்க சொல்லிருவீங்கன்னு இருந்தேன். நீங்க சொல்லலைன்னதும், சரி, மறைக்கல போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

பிறகு அவளே, எங்கள் சாமி மாலையை எடு என்று சொல்ல உங்களுக்கும் சங்கடமாக இருந்திருக்கும் என்றாள். ஆமாம்மா என்று சொன்னால் முடிந்தது. மரியாதை தெரிந்த பாய் என்று நாலு பேரிடம் சொல்வாள். சங்கடமாவது மண்ணாவது. டெஸ்ட் முடிந்த அன்று சாயங்காலமே பம்பரைக் கழற்றுவதற்காக அதே மாலையை நான்தான் அவிழ்த்துப் பின்சீட்டில் வைத்தேன்.

"இல்லம்மா. மறைக்குதுன்னு பாத்த உடனேயே தெரியும். பெருசு தோக்கட்டும்னுதான் வாய மூடிக்கிட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பெட்டியின் டேப்பை நகத்தால் கிழித்தாள். மாட்டுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை, மாலை இல்லாமல், நாற்பத்தொன்பது டிகிரி. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் பன்னிரண்டாவது சுற்று முதல் சுற்றைவிடக் கால் செகண்டுதான் கூட எடுத்தது. டீம் மேனேஜர் விக்ரம் அவளுக்குக் கை கொடுத்தார். அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். பிறகு விக்ரம் என் பக்கம் திரும்பி, இன்டர்கூலரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டார்.

இந்தப் பெண்தான், நான் வேண்டாம் என்றேன் என்று சொன்னேன். ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டார். காவ்யஸ்ரீ பக்கத்தில்தான் நின்றாள். நான் கை துடைக்கத் துணியைத் தேடினேன்.

"அண்ணே என் நல்லதுக்குத்தான் சொன்னாங்க சார்" என்றாள் அவள்.

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அவள் திட்டியிருந்தால் ஊர் திரும்பும் வழியில் ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் மறந்திருப்பேன்.