அடுத்த வருடத்து வரி

எங்கள் நகராட்சியின் வரி வசூல் கூடத்தில் அன்று வரிசை வாசல்வரை நின்றது. ஆனாலும் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரசீது போடும் குமாஸ்தாவாக நான். என் முதுகுக்குப் பின்னால் மேலாளர். நொடிக்கொருதரம் என் தோளுக்கு மேல் எட்டி, திரையின் மூலையில் ஏறிக்கொண்டிருந்த மொத்தத் தொகையைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சமாளி'. கூரை ஒழுகினாலும் குழாய் வெடித்தாலும் "சமாளிச்சுடலாம்மா" என்பார். எப்படி என்று மட்டும் சொல்லமாட்டார்.

விஷயம் இதுதான். வீட்டு வரியாக ஊரில் வசூலாகிற பணம் தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்குமே இழுபறி. மீதியைத் தாங்குவது மத்திய அரசு தருகிற மானியம். அந்த மானியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. போன வருடத்தைவிட இந்த வருடம் வரி அதிகமாக வசூலாகியிருக்க வேண்டும். குறைந்தால் கிடையாது. கணக்கு முடிகிற கடைசி நாள் அன்று. ஐந்து மணிக்குக் கவுண்டரை மூட வேண்டும்.

மானியம் நின்றால் முதலில் வீட்டுக்குப் போவது ஒப்பந்த ஆட்கள். குப்பை அள்ளுகிறவர்கள், தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்கள், நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரி நர்சுகள். அந்த நர்சுகளில் ஒருத்தி என் தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போனபின் இரண்டு பிள்ளைகளையும் அந்தச் சம்பளத்தில்தான் வளர்க்கிறாள். காலையிலிருந்து நானும் அந்த மொத்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தது அதனால்தான். ஊர் நலன் என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

ஊரிலேயே பெரிய வரி மில்லுக்கு. இன்னும் கட்டவில்லையே என்று காலையில் போன் செய்தேன். அவர்களுடைய கணக்குப்பிள்ளை நேரிலேயே வந்து கண்ணாடித் துவாரம் வழியாக ஒரு ரசீதைத் தள்ளினார்.

"போன வருஷமே கட்டியாச்சேம்மா. அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து இப்பவே குடுங்கன்னு உங்க மேனேஜர்தானே நேர்ல வந்து வாங்கிட்டுப் போனாரு. இப்ப மறுபடியும் கேட்டா எப்படி?"

போன வருடம் நான் பிறப்புச் சான்றிதழ் பிரிவில் இருந்தேன். இங்கே நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. கணினியில் தேடினேன். மில், சினிமா தியேட்டர், பெரிய ஓட்டல்கள் எல்லாவற்றின் இந்த வருட வரியும் போன வருடக் கணக்கில் 'பழைய பாக்கி' என்ற தலைப்பில் உட்கார்ந்திருந்தது. ராத்திரிச் சோற்றை மதியமே தின்றுவிட்டு, ராத்திரி பானையைத் திறந்து ஏன் காலி என்று கேட்கிற கதை. போன வருடக் கணக்கு அப்படி வீங்கித்தான் மானியம் வந்திருக்கிறது. இந்த வருடம் அந்த வீக்கத்தைத் தாண்ட வேண்டும், அதுவும் மில் இல்லாமல். ஊரின் நிஜமான பழைய பாக்கிகளை வருடம் முழுக்க விரட்டி வசூலித்தும் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

மேலாளரைப் பீரோவுக்குப் பின்னால் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மெதுவாப் பேசும்மா. நான் அப்படிப் பண்ணலைன்னா போன வருஷமே பிரசவ ஆஸ்பத்திரியை மூடியிருப்பாங்க. அதுல ஒரு பைசா நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல."

அது உண்மை. எனக்கு எரிச்சலே அதுதான். ஆள் திருடனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

"அந்தப் பணத்தை எடுத்து இந்த வருஷத்துல வைங்க சார். அது இந்த வருஷ வரிதானே? நாம இப்பவே தாண்டிடுவோம்."

"தாண்டிடுவோம். ஆனா போன வருஷம் தாண்டலைன்னு வெளிய வந்துடும். குடுத்த மானியத்தைத் திருப்பிக் கேப்பாங்க. எங்கேர்ந்து குடுக்கறது? பாதி ஒப்பந்த ஆளை நிறுத்தணும். கடைசியாச் சேர்ந்தவங்கதான் முதல்ல வெளிய போவாங்க." குரலை இன்னும் இறக்கினார். "உன் தங்கச்சி எப்பச் சேர்ந்தான்னு உனக்கே தெரியும்."

நான் கவுண்டருக்குத் திரும்பினேன்.

அதற்குள் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒப்பந்த ஆட்கள் எல்லாரும் தங்கள் வீட்டுக்கு அடுத்த வருட வரியை இன்றே கட்டிவிட வேண்டும், கட்டினால் வேலை நிலைக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். "சிறுதுளி பெருவெள்ளம்மா. சமாளிச்சுடலாம்." வாசல்வரை நின்ற வரிசை அதுதான். நகராட்சி தங்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்காக நகராட்சிக்குப் பணம் கட்ட வந்தவர்கள்.

அடுத்த வருட வரி என்று போட்டால் இந்த வருடக் கணக்கில் ஏறாது. அதனால் அவருடைய கடவுச்சொல்லைப் போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் இல்லாத பாக்கியை உண்டாக்கினார். நான் ரசீது போட்டேன். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் தன் ரசீதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நான் ஒரு நாளும் பாக்கி வெச்சதில்லையேம்மா."

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான்ணே வரும்," என்றேன். அவர் நம்பித் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

நாலரை மணி வாக்கில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் தங்கை வந்து நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் உடுப்போடே ஓடி வந்திருந்தாள். கையில் வளையல் இல்லை. அடகுக் கடை உறையிலிருந்து நோட்டுகளை எடுத்துத் துவாரத்தில் வைத்தாள்.

"அடுத்த ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டிடறேன்க்கா."

திரையைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் இருப்பவர்களும் கட்டினால் மொத்தம் போன வருடத்தைத் தாண்டிவிடும். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"இதைக் கட்டினா வேலை நிச்சயம்தானே?" என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரியாக இருந்திருந்தால் ஆமாம் என்றிருப்பேன். அன்று பிற்பகல் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவளிடம் நாக்கு எழவில்லை. அடுத்த வருடம் இந்த வீக்கத்தையும் தாண்ட வேண்டும். அப்போது இவள் எதை அடகு வைப்பாள்?

"பணத்தை எடுத்து உள்ள வை," என்றேன்.

"என்னாச்சு?"

"எழுதும்மா," என்றார் மேலாளர், என் காதோரம். "டைம் ஆவுது."

"எழுத மாட்டேன் சார்." குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "முழுப் பூசணிக்காயை எத்தனை வருஷம் சோத்துல மறைப்பீங்க? பூசணிக்காய் வருஷா வருஷம் பெருசாகுது."

"அக்கா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. எழுது."

"இது உன் சம்பளத்தை நீயே கட்டறதுடி. அதுவும் பொய்க் கணக்குல."

சத்தம் கேட்டு ஆணையர் தன் அறையிலிருந்து வந்தார். எங்கள் அலுவலகத்துக்குப் புதியவர். என்னவென்று கேட்டார். நின்றவாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். மில், தியேட்டர், பழைய பாக்கி, இன்று நான் போட்ட ரசீதுகள் உட்பட. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஆணையர் மேலாளர் பக்கம் திரும்பி, "உண்மையா?" என்றார். மேலாளர் தலையை மட்டும் ஆட்டினார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அன்று பணம் கட்டிய ஒப்பந்த ஆட்களுக்கெல்லாம் பணம் திரும்பியது. மேலிடத்துக்கு உண்மையை எழுதுவதாக ஆணையர் சொன்னார். கொடுத்த மானியத்தை வரப்போகும் மானியத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்றும், ஆஸ்பத்திரியை மூடாமல் பார்த்துக்கொள்வதாகவும், ஆனால் ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். நர்சுகளில் கடைசியாகச் சேர்ந்த இரண்டு பேரை அறைக்குள் அழைத்தார். என் தங்கை போனாள்.

வெளியே வந்தபோது அவள் அழவில்லை. நேராகக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அடுத்த மாசக் கடைசி வரைக்கும்தான் வேலைக்கு வரலாமாம்."

"நான் இருக்கேன்டி. பசங்களை நான் பாத்துக்கறேன்."

"உன்னை யாரு கேட்டா?" என்றாள். பிறகு அவளே குரலைத் தணித்துக்கொண்டாள். "நீ பண்ணது சரியா தப்பான்னு எனக்கு இப்ப யோசிக்க நேரமில்லக்கா. லேபர் ரூம்ல ஒருத்தி வலியில இருக்கா, நான் போகணும். ஒண்ணு மட்டும் சொல்றேன். ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றதுக்கு முன்னாடி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. அந்தப் பொய்க் கணக்கு வேண்டாம்னுதான் நானும் சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் வேகமாக நடந்தாள்.