கழுவி வைத்த தூக்குச்சட்டி

வீரய்யா தம் வாழ்நாளில் ஒரே ஒரு பாத்திரத்தைத்தான் தம் கையால் துலக்கினார்.

அவர் தேயிலைத் தோட்டத்தில் ஆள் கட்டி வேலை வாங்கிய பெரிய கங்காணியின் பேரன். கங்காணிமார் காலம் முடிந்து, அவரும் எல்லோரையும் போலக் காலையில் பெரட்டுக்களத்தில் நின்று அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆனாலும் தாத்தாவின் கறுப்புக் கோட்டைப் போடாமல் ஹட்டன் கடைத்தெருவுக்குப் போகமாட்டார். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் பக்கத்துக் காம்பரா வீட்டில் அரைக் கொத்து கடன் கேட்க விடமாட்டார். வெறும் தண்ணீரையாவது அடுப்பில் ஏற்றி, வரிசை வீடுகளான லயத்துக் கூரையில் புகை தெரியச் செய்ய வேண்டும் என்பார்.

அரசாங்கக் கூப்பன் அரிசி குறைந்துபோன அந்த வருடத்தில்தான் மகள் சண்முகவடிவு வயதுக்கு வந்தாள். பதின்மூன்று வயது. தாய் ராசம்மா இறந்து நான்கு வருடமாகியிருந்தது. வீரய்யாவின் தங்கை வேலாயிதான் வாசல் திண்ணையான இஸ்தோப்பின் மூலையில் சாக்குத் திரை கட்டி, மானாப்புல்லைப் பரப்பி அவளை உட்கார வைத்தாள்.

அவர்கள் வழக்கப்படி, உட்கார்ந்த பெண்ணின் வாயில் முதலில் பட வேண்டியது தாய்மாமன் கொண்டுவரும் உளுந்தங்களி. அதுவரை பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணீர் மட்டும்தான். தாய்மாமன் இல்லாமல் இல்லை. ராசம்மாவின் தம்பி அழகுமுத்து நோட்டன் பிரிட்ஜில் அணை வேலைக்குப் போனவன், அங்கேயே ஒரு சிங்களப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அன்றோடு வீரய்யா அந்த உறவை அறுத்துவிட்டார். அக்காவின் சாவுக்கு வந்தவனைக்கூட வாசலுக்கு வெளியே, மழையில்தான் நிறுத்தினார்.

வேலாயி யாருக்கும் தெரியாமல் சொல்லியனுப்பியிருந்தாள். மறுநாள் காலை அழகுமுத்து பித்தளைத் தூக்குச்சட்டியோடு வந்து நின்றான். கொழுந்து பறிக்கப் புறப்பட்ட பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். வீரய்யா வாசலை மறித்து நின்றார்.

“நானே கிண்டுனது மச்சான்” என்றான் அழகுமுத்து. “உளுந்து ஆட்டுனதும் நாந்தாங்க. அவ கை படல. அக்கா செய்யிற மாதிரி சுக்குப் போட்டிருக்கேன்.”

“சட்டி யாரு வீட்டுச் சட்டி?”

அழகுமுத்து வாசலிலிருந்து விலகினான். கழிவுநீர்க் கானுக்கு அந்தப் பக்கம் நின்ற கொய்யா மரக்கிளையில் தூக்கை மாட்டினான். சாக்குத் திரையைப் பார்த்து, “வடிவு, மாமா வந்துட்டுப் போறேன் தாயி” என்றான். உள்ளே மானாப்புல் சரசரத்தது. அவன் திரும்பிப் பாராமல் இறங்கிப் போனான்.

வழக்கம் கெடக்கூடாது என்று, கீழ்லயத்துப் பழனியாண்டியை மாமன் முறைக்கு அழைத்துவந்தார் வீரய்யா. ஏழு சுற்றுத் தள்ளிய சொந்தம். வேலாயி கிண்டிய களியை அவன் தட்டில் வைத்து நீட்டினான். வடிவு கை வைக்கவில்லை. பசிக்கவில்லை என்றாள்.

“வயிறு கத்துறது வாசல் வரைக்கும் கேக்குது. பசிக்கலையாம்” என்றாள் வேலாயி.

அன்றைக்கும் சாயத்தண்ணீர்தான். மறுநாளும் அதுதான். வீரய்யா அதட்டிப் பார்த்தார். சாக்குக்குப் பின்னால் அசைவே இல்லை. பிள்ளை பசி தாங்காமல் தானாக வழிக்கு வருவாள் என்று எண்ணினார். தாயில்லாப் பிள்ளைக்கு வயிற்றுப் பசிக்கு மேலும் ஒரு பசி இருக்கும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மலைக்குப் புறப்பட்ட வேலாயி கூடையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “ஒங்க மானத்த வேகவெச்சா போட முடியும்ணே?”

லயம் ஓய்ந்த நேரத்தில் வீரய்யா கொய்யா மரத்தடிக்குப் போனார். தூக்கைத் திறந்தார். களி புளித்துப் பூத்திருந்தது. கருப்பட்டிக்கு எறும்பு மொய்த்திருந்தது. கானில் கொட்டினார். மாமன் சட்டியாவது வீட்டுக்குள் வரட்டும் என்று மனம் இளகியது. ஆனால் அது அந்தச் சிங்களப் பெண் வீட்டுச் சட்டி. தண்ணீர் விழும் பீலிக்கரையில் குந்தி, சாம்பலும் புளியும் போட்டு, உள்ளும் புறமும் தேய்த்தார். பளபளவென்று ஆகும்வரை விடவில்லை. கொண்டுவந்து சாக்குக்கு அடியில் தள்ளினார்.

“ஒம் மாமன் சட்டி” என்றார்.

வடிவு அதை இரண்டு கையாலும் எடுத்தாள். மூடியைத் திறந்து முகத்தை உள்ளே வைத்து மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

“ஏங்கப்பா கழுவுனீங்க?”

குரலில் கோபம் இல்லை. அவள் தேடியது சுக்கு வாசனையை என்பது அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

அன்று மாலை அத்தை சுட்ட ரொட்டியை அவள் தின்றாள். அதன்பின் அந்த வீட்டில் அவள் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. அழகுமுத்து மறுபடி அந்த மலை ஏறவில்லை. பின்னொரு நாள் அவன் காய்ச்சலில் இறந்த செய்திகூட, இறந்து எட்டு நாள் கழித்துத்தான் வந்தது.

வடிவைக் கந்தப்பளையில் கட்டிக்கொடுத்தார். பத்து வருடம் கழித்து ஒருநாள் கறுப்புக் கோட்டோடு அவள் வீட்டுக்குப் போனார். அவள் பாய் விரித்து, தலைவாழை இலை போட்டு, விருந்தாளிக்குப் பரிமாறுவதைப் போலக் குறையில்லாமல் பரிமாறினாள். சுவரோரப் பலகையில் அந்தத் தூக்கு இருந்தது. மங்கிக் கறுத்திருந்தது. அவள் அதைத் துலக்கியதே இல்லை போலும்.

“இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களாப்பா?”

வீரய்யாவுக்கு வயிறு நிறைந்திருந்தது.

“போடு தாயி” என்றார்.