முன்னால் போகும் கால்கள்

நீச்சல் குளத்தில் ஒரு லேனில் நாலு பேர் போவார்கள். யார் வேகமோ அவர் முதலில், மற்றவர்கள் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால். கோச் வைத்த சட்டம் அது. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, மீறினால் விசில் பறக்கும். அந்த முதல் இடம் வெகுகாலமாகப் பெரியவளுடையது. ஒருநாள் காலையில் கோச் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சின்னவளே, இனிமே நீ முன்னாடி போ" என்றார். அவ்வளவுதான். பெரியவளுக்கு வயிறு அன்றைக்கே பற்றிக்கொண்டது. கழுத்து அடுத்த வாரம்.

சின்னவள் அவள் கூடப்பிறந்த தங்கை. இரண்டு வயது இளையவள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அம்மா குளத்துக்குக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்த பிள்ளை. பெஞ்சில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது இன்று லேனில் முதலாவதாகப் போகிறது. யாருக்குத்தான் பொறுக்கும்?

வலி பின்கழுத்தில் ஆரம்பித்துத் தோள்பட்டை வரை இழுத்தது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்ப வேண்டியிருந்தது. "தலகாணி சரியில்ல" என்றார் அப்பா. அவருக்கு எல்லா வியாதிக்கும் தலையணைதான் காரணம். அம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல், தசைப்பிடிப்புக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோவிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்னவளும் கூடவே தொற்றிக்கொண்டாள்.

ஒரு கட்டில், ஒரு ஆளுயரக் கண்ணாடி, கதவுப் பிடியில் கலர் கலராக ரப்பர் பட்டைகள். அறையில் அதற்குமேல் ஒன்றுமில்லை. பிசியோ முழங்கை வரை சட்டையைச் சுருட்டியிருந்த பெண்மணி. கட்டைவிரலால் பின்கழுத்தை அழுத்தினார்.

"ஐயோ மேடம், உயிரே போகுது!"

"போகாது. இப்படிச் சொன்னவங்க எல்லாரும் நடந்துதான் வீட்டுக்குப் போயிருக்காங்க. ஏன் இவ்வளவு அவசரம்?"

"அடுத்த மாசம் தேர்வுப் போட்டி மேடம். நானூறு மீட்டருக்கு எங்க குளத்துலேர்ந்து ஒரே ஒரு பொண்ணத்தான் எடுப்பாங்க."

"கழுத்து இப்படியே இருந்தா அது நீ இல்ல" என்றார் பிசியோ. மேசை இழுப்பறையை உள்ளே தள்ளுவதுபோல் தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து, நிறுத்தி, விடச் சொன்னார். பெரியவள் இழுத்தால் தாடைக்குப் பதில் தோள் ஏறியது. நாற்காலியிலிருந்த சின்னவள் தானும் செய்து பார்த்தாள்.

"இது ஈஸிக்கா! பாரு, எனக்கு ரெட்டத் தாடை!"

"சின்னப் பொண்ணு சரியாச் செய்யுது பாரு" என்றார் பிசியோ. அதுவும் அம்மா முன்னால். கழுத்தை வலிக்க வைத்துக்கொண்டு வந்தது நான், பேர் வாங்குவது இவளா என்று பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே ஒரு லாபம், சாயங்கால ஒத்தடம். அம்மா வெந்நீரில் துண்டைப் பிழிந்து, தன் கையாலேயே கழுத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பாள். "எனக்கும்மா" என்று சின்னவள் வந்தால், "உனக்கென்ன கேடு? போய்ப் படி" என்று விரட்டுவாள். காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருக்கும் பெரியவளுக்கு.

ஆனாலும் வலி அசையவில்லை. சந்தேகப்பட்டு ஒருநாள் பிசியோ குளத்துக்கே வந்து நின்றார்.

"ஏம்மா, தண்ணிக்குள்ள தலைய எதுக்குத் தூக்கற? தரையில கறுப்புக் கோடு போட்டிருக்குல்ல, அதப் பாத்துப் போ."

"அதப் பாத்துதான் போறேன்."

"பொய். முன்னாடி என்ன இருக்கு?"

முன்னாடி சின்னவளின் கால்கள் இருந்தன. நுரை தள்ளிக்கொண்டு எட்டப் போகும் கால்கள். எவ்வளவு எட்டப் போயிருக்கின்றன என்று கைக்குக் கை தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

பிசியோ கோச்சிடம் திரும்பினார். "கொஞ்ச நாள் பெரியவளையே முன்னாடி விடுங்க. பாக்க ஒண்ணும் இல்லேன்னா தலை தானா இறங்கும்."

"நீயே போக்கா, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் சின்னவள். பிச்சை போட்ட மாதிரி இருந்தது. பெரியவள் வாங்கிக்கொண்டாள்.

முன்னால் போனதும் வேறு வினை. சின்னவள் எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டாள் என்று மூச்சுக்கு மூச்சு கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்க்க ஆரம்பித்தாள். பின்கழுத்து வலி போய் வலப்பக்கம் பிடித்துக்கொண்டது.

"இது எப்ப இங்க குடிவந்துச்சு?" மறுபடி கட்டிலில் உட்காரவைத்து அழுத்திப் பார்த்த பிசியோ விரலை எடுத்தார். அம்மா வெளியே இருந்தாள். "தண்ணிக்குள்ள யாரைம்மா தேடற?"

"என் தங்கச்சிய. அவ முன்னாடி போனாலும் பின்னாடி வந்தாலும் எனக்கு வேற எதுவும் கண்ணுல படல மேடம்."

பிசியோ புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "அதுக்கு என்கிட்ட வைத்தியம் இல்ல. கழுத்துக்குத்தான் இருக்கு. வயிறு எரிஞ்சா எரியட்டும், கண்ணு மட்டும் கோட்டுல இருக்கட்டும்."

அன்றிலிருந்து கோச்சிடம் கேட்டுச் சுவரோரக் கடைசி லேனில் தனியாக நீந்தினாள். "சபாஷ் சின்னவளே!" என்று அந்தப் பக்கம் கோச் கத்துவது காதில் விழும். எரியும். கண்ணைக் கோட்டைவிட்டு எடுக்கமாட்டாள். தாடைப் பயிற்சியைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள், தங்கை பார்த்துவிடக் கூடாதே என்று.

போட்டியன்று இருவருக்கும் அடுத்தடுத்த லேன். கடைசித் திருப்பத்துக்குப் பிறகு, ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன என்று கழுத்து கெஞ்சியது. கோடு, கோடு, கோடு. கை சுவரில் பட்டது. தலையைத் தூக்கினால் பக்கத்து லேனில் யாருமில்லை. சின்னவள் அதற்குப் பிறகுதான் வந்து தொட்டாள். கோச் பெரியவளைப் பார்த்து, "நீதான்" என்று கட்டைவிரலை உயர்த்தினார்.

"கடைசில உனக்கு என்னடி ஆச்சு?"

"எப்பவும் நீ பின்னாடி வர்ற சத்தம் கேட்டுக்கிட்டே போவேன்க்கா. இன்னிக்கு நீ எங்க இருக்கேன்னே தெரியல. தலையத் தூக்கித் தூக்கிப் பாத்தேன்." சின்னவள் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். "பிடிச்சுக்கிச்சு."

பெரியவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. பொய் எதற்கு?

சாயங்காலம் அம்மா வெந்நீரில் துண்டு பிழிந்தாள். பெரியவள் பழக்கதோஷத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, முடியை ஒதுக்கிக் குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். அம்மா அவளைத் தாண்டிப் போய்ச் சின்னவளின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எங்கடி வலிக்குது, இங்கயா?" என்றாள். பிறகு திரும்பாமலே, "உனக்குத்தான் சரியாப்போச்சே, எழுந்து தட்டு எடுத்து வை."

பெரியவளின் கழுத்து தோள் வரைக்கும் சுகமாகத் திரும்பியது. எங்கேயும் பிடிக்கவில்லை. திரும்பி, துண்டின்மேல் இருந்த அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.