எடெல்காவின் நாலு ஏக்கர்

ஹங்கேரிச் சமவெளியில் கிஷ்ஹாலொம் என்றொரு ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு, ஜூலை மாதம். கோதுமை முற்றிச் சாய்ந்து நிற்கிற நேரத்தில், எடெல்கா என்ற விதவை வீட்டிலிருந்த அரிவாள்களையெல்லாம் கிணற்றில் போட்டாள்.

புத்தி கெட்டுப் போட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுடைய ஒரே மகன் ஆம்ப்ருஷ் பட்டாளத்துக்காரன். அறுப்பு முடியும்வரை என்று விடுப்பு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தங்கள் பட்டத்து இளவரசரைச் சுட்டுக் கொன்றதற்காகச் செர்பியாவுக்கு ஒரு கடுமையான கடிதம் தலைநகரில் தயாராக இருக்கிறதாம். படையில் பாதி வயலில் நிற்பதால், அறுப்பு முடியட்டும் என்று அதை மேசையிலேயே வைத்திருக்கிறார்களாம். நாவிதர் டோபியாஷ்தான் சொன்னார். நாம செர்பியாவை அடித்தால் ரஷ்யா வரும், ரஷ்யா வந்தால் ஜெர்மனி வரும், ஜெர்மனி வந்தால் பிரான்ஸ் வரும் என்று சோப்பு நுரையோடு விரல் விட்டு எண்ணினார்.

"அவங்களுக்குள்ள என்னப்பா அவ்வளவு கோவம்?" என்று கேட்டாள் எடெல்கா.

"கோவமெல்லாம் இல்லக்கா. அவன் நாலு பீரங்கி வாங்குனா இவன் அஞ்சு வாங்குறான். வாங்கினதைச் சும்மா வச்சிருக்க முடியுமா?"

"எங்கிட்டகூடத்தான் மூணு வாணலி இருக்கு. அதுக்காக ஊருக்கே சமைக்கிறேனா?"

அன்று மாலையே அரிவாள்கள் கிணற்றுக்குள் போயின. மணி உதிர்கிறதே என்று ஆம்ப்ருஷ் புலம்பினான். உதிரட்டும் என்றாள். குளிர்காலத்துக்கு ரொட்டி இல்லாமல் போகும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? மகன் இருப்பானே.

ஒன்பதாம் நாள் ஒரு லெப்டினன்ட் குதிரையில் வந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம். மாவட்டம் முழுவதும் அறுத்தாகிவிட்டது, இந்த நாலு ஏக்கர்தான் பாக்கி என்று தாளைக் காட்டினான்.

"ரஷ்யாக்காரன் அறுத்துட்டானா, தம்பி?"

"அதுக்குள்ள நாம முந்திக்கணும்மா."

"எதுல முந்தணும்?"

அவன் வானத்தைப் பார்த்து யோசித்தான். "அவன் முந்தாம இருக்குறதுல."

பிறகு பக்கத்து ஊரான வொர்யாஷிலிருந்து இருபது ஆட்களை அழைத்து வந்தான். அவர்கள் நான்கு நாள் முன்பே அறுத்து முடித்தவர்கள். அந்தக் கர்வம் நடையிலேயே தெரிந்தது. உங்க ஊர்ல அரிவாளைக் கிணத்துலதான் கட்டி வைப்பீங்களா என்று ஆம்ப்ருஷைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வேலையில் இறங்கினார்கள்.

நண்பகலுக்குள் வயலே மொட்டையாகிவிட்டது. நடுவில் பாய் அளவுக்கு ஒரு திட்டு மிச்சம். அதற்குள் எடெல்கா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வொர்யாஷ்காரர்கள் அரிவாளை இறக்கிவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஒரு தாயை எப்படி அறுப்பது? லெப்டினன்ட் தாளைப் புரட்டினான். அதற்கு விதி எதுவும் இல்லை.

"கிஷ்ஹாலொம்காரனுக்கு அம்மா மடியிலதான் பட்டாளம் போலிருக்கு" என்றான் ஒருவன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ரஷ்யாவைப் பற்றியோ செர்பியாவைப் பற்றியோ ஆம்ப்ருஷுக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் வொர்யாஷ்காரன் சிரிக்கலாமா? பக்கத்தில் நின்றவன் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அம்மாவைச் சுற்றி முழங்காலிட்டு, கைப்பிடி கைப்பிடியாக, மிகக் கவனமாக அறுத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிரவே இல்லை.

கடைசிப் பிடி அவள் பாதத்தை ஒட்டி நின்றது.

"அம்மா, காலைக் கொஞ்சம் நகத்து. பட்டுடப் போகுது."

பட்டால் அவன்தானே அழுவான் என்று தோன்றியது அவளுக்கு. காலை நகர்த்திக்கொண்டாள்.