ரெண்டே முக்கால் கியர்

அந்தச் சனிக்கிழமை மதியம் கொட்டகையில் இருந்தவர்கள்: பல் டாக்டர், அவன் மனைவி, அவளுடைய தம்பி. பின்பக்கம் முட்டுக்கொடுத்துத் தூக்கப்பட்டு, பின் அச்சின் வயிறு திறந்து கிடந்த காரையும் சேர்த்தால் நாலு பேர். அந்தக் குடும்பத்தில் அதுவும் ஆள் கணக்கில்தான் வரும்.

கார்களுக்குக் கியர் மாற்றித் தரும் தொழிலில் நாளெல்லாம் கியர் பற்களையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். வீட்டில் ஒரு பல் டாக்டர், ஒரு கண் டாக்டர், ஆனால் தலைவலி வந்தால் பார்க்க ஆள் கிடையாது என்று தம்பி சொல்லித் திரிவான்.

பல் டாக்டர் மேசையில் துணி விரித்து மூன்று ஜோடிப் பற்சக்கரங்கள் வைத்திருந்தான். நாலு, மூணரை, ரெண்டே முக்கால். எஞ்சினிலிருந்து வரும் தண்டு அத்தனை முறை சுற்றினால் பின் சக்கரம் ஒரு முறை சுற்றும். நாலு போட்டால் கால் மைல் பந்தயத்தில் பச்சை விளக்கு எரிந்ததுமே கார் பாயும். நெடுஞ்சாலையில் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும். ரெண்டே முக்கால் போட்டால் நெடுஞ்சாலையில் அரைத்தூக்கத்தில் ஓடும்; பந்தயத்திலோ சோம்பல் முறிப்பதற்குள் பக்கத்துக் கார் போய்விடும். மூணரை என்பது முடிவெடுக்க முடியாதவர்கள் வாங்குவது. வாங்கியவர்களில் பாதிப் பேர் கொஞ்ச நாளில் திரும்பி வந்து முறைப்பார்கள்.

நாளை பந்தயம். திங்கட்கிழமை அவள் வேறு ஊரில் வேலைக்குச் சேர்கிறாள். மூன்று மணி நேர ஓட்டம். வீட்டில் இருப்பது இந்த ஒரு கார்; பந்தயம் முடிந்து மறுபடி கழற்றி மாட்ட நேரமும் இருக்காது.

"மாமா, நாலப் போடுங்க," என்றான் தம்பி. "போன தடவ மயிரிழையில தோத்தோம். அக்கா காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுப் போகட்டும்."

"உன் வாயில வெக்கிறேன் பஞ்ச," என்றாள் அவள்.

கூரைத் தகரங்களுக்கு நடுவே பதித்திருந்த கண்ணாடித் தகடு வழியாக வெளிச்சம் இறங்கி, பற்களின் எண்ணெயில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பல் டாக்டரின் கை ரெண்டே முக்காலின் மேல் இருந்தது. கொஞ்ச நாட்களாகவே அவனுக்கு ஒரே நினைப்பு. வெள்ளிக்கிழமை மாலை, ஆளில்லாத நெடுஞ்சாலை, அவள் ஓட்டி வருகிறாள். எஞ்சின் ஏதோ முணுமுணுக்கிறது. மரங்கள் தண்ணீருக்குள் நகர்வதுபோல் நகர்கின்றன. சாலை தானாகச் சரிந்து அவளை வீட்டுப் பக்கம் உருட்டிவிடுகிறது. அந்தக் காரில் அவன் இல்லை. அவள் காலுக்கடியில், பல்லோடு பல் உறுத்தாமல் சுழலும் மெல்லிய சத்தமாக மட்டும் இருக்கிறான். அதற்காக ஒரு பந்தயம் போனால் போகட்டும்.

இதில் ஒரு வார்த்தையைக்கூட அவளிடம் சொன்னதில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. துண்டு எங்கே, டார்ச் எங்கே என்பதைத் தாண்டி அந்த வீட்டில் பேச்சு நடந்து வெகுநாளாகிறது.

"ரெண்டே முக்கால்," என்றான்.

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"வர்றவங்ககிட்டல்லாம் என்னமோ கேப்பியே, அத எங்கிட்ட கேளு."

"உனக்கெதுக்கு அது?"

"கேளேன். நானும் கஸ்டமர்தான்."

அவன் வேலை எப்போதும் கடைசியிலிருந்துதான் தொடங்கும். கார் எங்கே போய்ச் சேரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பல்லுக்கு வருவான். எல்லோரிடமும் கேட்டிருக்கிறான். அவளிடம் கேட்கத் தோன்றியதே இல்லை. முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக் கேட்டான்.

"நெடுஞ்சாலையில எவ்வளவு ஓட்டுவீங்க?" பழக்க தோஷத்தில் மரியாதை வந்துவிட்டது.

"போறதுக்கு ஒரு தடவ."

"திரும்பி வர்றதுக்கு?"

அவள் லென்ஸைத் தூக்கிப் பிடித்துக் கீறல் தேடுகிறவள்போல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ரூம் எடுத்துட்டேன். பஸ்லயே போய்க்கிறேன். நாலையே போடு."



"வாரா வாரம் வருவேன்னு நெனச்சேன்," என்றான் பல் டாக்டர்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அதான்," என்றாள்.

அவன் ரெண்டே முக்காலைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தான். நாலைப் பூட்டி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. மறுநாள் ஜெயித்தார்கள். தம்பி கத்திய கத்தலில் அவன் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை காலை தம்பி தெருவில் பைக்கை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். அவள் வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். பல் டாக்டர் கூடத்தின் நடுவில் நின்றிருந்தான். பையைத் தூக்கித் தரலாமா என்று யோசிப்பதற்குள் அவளே தூக்கிக்கொண்டாள்.

"வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டாள்.

"கத்துது."

"கத்தட்டும்," என்றாள். சிரித்த மாதிரி இருந்தது.

அவள் வெளியேறியதும் கதவு சாத்திக்கொண்டது. அவன் உள்ளே நிற்பதை மறந்தோ மறக்காமலோ, அவள் வெளியிலிருந்து பூட்டினாள். சாவி துளைக்குள் இரண்டு சுற்று சுற்றியது. பிறகு உருவப்பட்டு, அவளோடு படியிறங்கிப் போனது.